கதை முதல் தரம், மேற்பல் தளர்ந்திருக்கிறது

நான் பல் கட்டுபவள். மானிப்பாயில் ஒரு பல் டொக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் பதினெட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். டொக்டர் முன்னறையில் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். நான் அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல் ஈறான முரசைச் செய்து, பற்களை ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் வாயில் வைக்கக்கூடிய ஒரு தட்டாக்கிக் கொடுப்பேன். கைக்கும் கண்ணுக்கும் ஓயாத வேலை. காது மட்டும் சும்மா இருக்கும்.

பெற்றோல் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருடத்தில்தான் அந்தக் காதுக்குள் கதை புகுந்தது. ஸ்கூட்டியை மூடி வைத்துவிட்டுச் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். போக முக்கால் மணித்தியாலம், வர முக்கால் மணித்தியாலம். ரொறன்ரோவில் இருக்கும் என் மச்சாள் தன்னுடைய ஒலிப்புத்தகக் கணக்கின் கடவுச்சொல்லைத் தந்து, "சும்மா மிதிச்சுக்கொண்டு போகாமல் இதைக் கேளடி" என்றாள். அவளுடைய பட்டியலில் இருந்ததிலேயே நீளமானதைத் தெரிந்தெடுத்தேன். முப்பத்தெட்டு மணித்தியாலம் ஓடும் ஆங்கில மாயக்கதை. ஒரு இளவரசி, மூன்று கண்டங்கள், பேசும் ஓநாய்கள். முதல் பத்து மணித்தியாலம் பாதிதான் விளங்கியது. பிறகு ஆங்கிலம் தானாகக் காதில் படிந்தது. ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றக் காதைப் பின்னால் வரும் பஸ்ஸுக்கு விட்டுவைத்து, உடுவில் வழியாக அந்த மூன்று கண்டங்களையும் கடந்தேன்.

முப்பத்தெட்டாவது மணித்தியாலம் முடிந்தபோது கதை முடியவில்லை. இன்னும் ஆறு பாகம் இருக்கிறதாம். எனக்கு வந்த கோபத்தில், சைக்கிளை ஒரு மதிலோடு சாத்திவிட்டு, அந்தச் செயலியில் என் முதல் விமர்சனத்தை எழுதினேன். "ஒரு மாதம் உங்களோடு வந்தேன். வீட்டுக்குள் கூப்பிடாமல் படலையோடு திருப்பி அனுப்பிவிட்டீர்கள். இரண்டு நட்சத்திரம்."

அதன் பிறகு நிறுத்தவில்லை. நான்கு வருடத்தில் விஞ்ஞானக் கதையும் மாயக்கதையுமாக இருநூறுக்குக் கிட்டக் கேட்டிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எழுதுவேன். என் அபிப்பிராயங்கள் கடுமையானவை என்று சொல்வார்கள். சரியானவை என்றுதான் நான் நினைக்கிறேன்.

உதாரணத்துக்கு, பறவைநாகம். மாயக்கதையில் இறகு முளைத்த பெரும் பாம்புகள் வரும்போதெல்லாம், வாசிப்பவர்கள் தொண்டையைக் கரகரக்க வைத்து உறுமுகிறார்கள். ஆயிரம் வருடம் வாழ்ந்த பிராணி எதற்காக உறுமிப் பேச வேண்டும்? யாருக்குப் பயந்து? அத்தனை காலம் இருந்தவர் மெல்லத்தான் பேசுவார். மற்றவர்கள்தான் கிட்டப் போய்க் கேட்க வேண்டும். அதைப் போலவே, பெண்கள் பேசும் இடம் வந்தால் குரலை மெல்லிசாக்கும் ஆண் வாசிப்பாளர்களையும் எனக்குப் பிடிக்காது. என்னுடைய குரல் மெல்லியது இல்லை. எங்கள் டொக்டரும் பெண்தான், அவருடைய குரலும் மெல்லியது இல்லை. வாசிப்பவர் தன்னுடைய குரலிலேயே வாசிக்கட்டும். யார் பேசுகிறார் என்பதை எழுதியவர் காட்டியிருக்க வேண்டும். காட்டாவிட்டால் அது எழுத்தின் பிழை. வேசம் போட்டு அதை மறைக்க முடியாது.

பின்னணி இசை போடுபவர்களைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன்.

இன்னொன்று. மாயக்கதை றோட்டுக்கு, விஞ்ஞானக் கதை வேலை மேசைக்கு. நான் கண்டுபிடித்த ஒழுங்கு இது. மாயக்கதையில் நடப்பார்கள், குதிரையில் போவார்கள், மலை ஏறுவார்கள். சைக்கிள் மிதிக்கும் உடம்புக்கு அந்த நடை ஒத்துவரும். எழுதியவர் உண்மையில் எப்போதாவது ஒரு முழுநாள் வெயிலில் போயிருக்கிறாரா என்பதும் சைக்கிளில் இருந்து கேட்டால் தெரிந்துவிடும். மூன்று நாள் பாலைவனத்தில் போகிறார்கள், ஒருவருக்கும் தண்ணீர் விடாய்க்கவில்லை, ஒருவருடைய தொடையும் உரசிப் புண்ணாகவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். விஞ்ஞானக் கதை அப்படியில்லை. அதில் ஒரு பொறி இருக்கும், அது பழுதாகும், யாரோ ஒருவர் நிதானமாக இருந்து திருத்துவார். எட்டாவது பல்லை மெழுகில் நிறுத்திக்கொண்டு கேட்க அதுதான் நல்லது.

தமிழ் ஒலிப்புத்தகங்களோடுதான் எனக்கு நெடுநாள் சண்டை. தமிழில் விஞ்ஞானக் கதைகள் குறைவு. இருப்பவற்றில் வருங்காலத்து ஆட்கள் எல்லோரும் மேடையில் நின்று பேசுகிறார்கள். விண்கலத்தில் தீப்பிடித்துவிட்டது, ஒருவன் ஓடிவந்து, "தலைவரே, நமது கலத்தின் பின்பகுதியில் நெருப்பு பரவிக்கொண்டிருக்கிறது" என்கிறான். அவன் அந்த வசனத்தைச் சொல்லி முடிக்கும்போது கலம் எரிந்து முடிந்திருக்கும். "ஏன் உங்கள் விண்கலத்தில் ஒருவரும் பேச்சுத்தமிழ் பேசுவதில்லை?" என்று எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அப்படியிருக்கும்போதுதான், யாரும் தங்கள் பதிவைப் போடக்கூடிய இலவசப் பகுதியில் அந்தக் கப்பல் கதை கிடைத்தது. மொத்தமாக நாற்பது பேர்கூடக் கேட்டிருக்கமாட்டார்கள். முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகும் கப்பல். போய்ச் சேர மூன்று தலைமுறை ஆகும். ஊரிலிருந்து ஒரு செய்தி வர இப்போது பதினொரு வருடம் எடுக்கிறது. இவர்கள் ஒரு கேள்வி கேட்டால் மறுமொழி இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகுதான். முதல் அத்தியாயத்தில், கப்பலின் வெளித்தோலில் விழும் ஓட்டைகளை அடைக்கும் பெண்ணிடம் கப்டன், "வெளியிலை போறியோ?" என்று கேட்கிறார். அவள் சொல்கிறாள்: "ஓம். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போறன்."

நான் கையிலிருந்த கத்தியை மேசையில் வைத்தேன். சூரியனை விட்டு அவ்வளவு தூரத்தில் ஒருத்தி 'ஆம்' என்னாமல் எங்களைப் போல "ஓம்" என்றதைக் கேட்டபோது, கண் கலங்கிவிட்டது. மெழுகு ஆறி இறுகிப்போனதால் அதைத் திரும்பச் சூடாக்க வேண்டியதாயிற்று.

எழுதியவரே வாசித்திருந்தார், வயதான ஆண். குரலில் கனம் இருந்தது. வேசம் இல்லை, இசை இல்லை. கப்பலைப் பற்றி அவர் எழுதியிருந்த எதுவும் கேள்விப்பட்டு எழுதியதாகத் தெரியவில்லை. குடிதண்ணீரை அளந்து கொடுக்கும் முறை, காவல் மாறும்போது ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இரண்டு சொற்கள், ஒரே பத்துப் பேரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வரும் சலிப்பு, எல்லாம் அவர் பட்டு அறிந்தவை போல இருந்தன.

ஆனால் அவருடைய மேற்பல் தளர்ந்திருந்தது.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், பல் கட்டும்போது நாங்கள் பேசவைத்துத்தான் பார்ப்போம். மெழுகுத் தட்டில் பல்லை அடுக்கி வாயில் வைத்துவிட்டு, ஏதாவது சொல்லச் சொல்வோம். "பஸ்ஸுக்குள்ளை சீசா உடைஞ்சுது" என்பது நானே உண்டாக்கிய வசனம். அதைச் சொல்லும்போது காற்று எங்கே கசிகிறது, பல் எங்கே முட்டுகிறது என்று கேட்டே கண்டுபிடிக்கலாம். பதினெட்டு வருடம் கேட்ட காது இது. அந்த மனிதர் 'ஆ' என்று வாயை அகலத் திறக்கும்போது தட்டு கீழே இறங்கியது. அடுத்த எழுத்துக்கு நாக்கு அதை மேலே தள்ளியபோது 'டிக்' என்றது. "ஆகாயம்" என்று சொன்னால் ஒரு டிக். "வாசல்" என்றால் ஒரு டிக். ஆகாயத்தில் நடக்கும் கதையில் அந்தச் சொல் எத்தனை தரம் வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட, எல்லா வசனத்துக்கும் அடியில் ஒரு மெல்லிய சீறலும் இருந்தது.

பதினொரு அத்தியாயத்தையும் ஒரு கிழமையில் கேட்டு முடித்தேன். பதினோராவதின் முடிவில் அந்தப் பெண் கப்பலுக்கு வெளியே நிற்கிறாள், அவளுடைய காற்றுக் குழாய் எங்கோ சிக்கிவிட்டது. நான் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினேன்: "தமிழில் நான் கேட்டதில் இதுதான் சிறந்த விஞ்ஞானக் கதை. கதை முதல் தரம். ஆனால் வாசிப்பவரின் மேற்பல் தளர்ந்திருக்கிறது, சீறலும் இருக்கிறது. தயவுசெய்து ஒரு பல் டொக்டரிடம் போகவும்."

மறுநாளே ஏச்சு விழத் தொடங்கியது. வயதானவரை நக்கலடிக்கிறாயா என்று ஒருவர். உன் பல்லைக் காட்டு பார்ப்போம் என்று இன்னொருவர். வாசித்தவர் மட்டும் ஒரு வார்த்தை எழுதியிருந்தார். "அப்படியா."

டொக்டரிடம் காட்டினேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அக்கா என்பார். வாசித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தபோது முகம் நல்லாயில்லை.

"அக்கா, ஒராளின்ரை வாயைப் பற்றி ஊருக்கு எழுதலாமோ?"

"பிழையாச் சொல்லேல்லையே டொக்டர். தட்டு தளந்துதான் இருக்கு."

"சரிதான். ஆனா அந்தாள் எங்களிட்டை வாயைத் திறந்து காட்டேல்லையே. கதை வாசிச்சவர். அவ்வளவுதான்."

எனக்கு அது சுட்டது. ஆனாலும் எழுதியதை அழிக்கவில்லை. உண்மையை எழுதிவிட்டு அழித்தால் நக்கலுக்கு எழுதியதாகத்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாவது அத்தியாயம் வரவில்லை. ஒரு கிழமை போயிற்று, இரண்டு கிழமை போயிற்று. ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்ததும் செயலியைத் திறந்து பார்ப்பேன். அந்தப் பெண் இன்னமும் வெளியேதான் நின்றாள். மூன்றாவது கிழமை என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தச் செயலியில் தனிச்செய்தி அனுப்பும் வசதி இருந்தது. நான் யார், எந்தப் பல் கிளினிக்கில் வேலை, அது எங்கே இருக்கிறது என்று எழுதினேன். சொன்னது சரி, சொன்ன இடம் பிழை என்றும் எழுதினேன். என் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தேன்.

அன்று பின்னேரமே அழைப்பு வந்தது. காதில் மூன்று கிழமையாகக் கேட்காத அந்தக் குரல்.

"பிள்ளை, நான் அந்தக் கப்பல் கதை வாசிக்கிற ஆள் கதைக்கிறன். நீர் டொக்டரோ?"

"இல்லை ஐயா. பல்லுக் கட்டுறனான்."

"அப்ப என்ரை வாய்க்குள்ளை எட்டிப் பாக்காமலே சொல்லிப்போட்டீர்."

"காதாலை பாத்தன் ஐயா."

அவர் சிரித்தார். சிரிப்பிலும் டிக் என்றது. அவர் இருப்பது பருத்தித்துறையில். முப்பது வருடம் சரக்குக் கப்பல்களில் வானொலி அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். உலகத்தில் எங்கோ இருப்பார் என்று நான் நினைத்த மனிதர் இரண்டு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறார்.

"கோவிச்சுக்கொண்டுதான் நிப்பாட்டிட்டியளோ ஐயா?"

"கோவம் இல்லைப் பிள்ளை. வெக்கம். நீர் எழுதினதுக்குப் பிறகு என்ரை பதிவை நானே போட்டுக் கேட்டன். முந்தி அது என்ரை காதிலை விழேல்லை. இப்ப அதுதான் விழுகுது, கதை விழுகுதில்லை. ரெண்டு தரம் வாசிக்க இருந்தன். வாயைத் திறக்கப் பயமாக் கிடக்கு."

நான் எழுதிய நூற்றுக்கணக்கான குறிப்புகளில் எதற்குப் பின்னாலும் ஒரு மனிதரின் வாய் இப்படி மூடிக்கொண்டதா என்று அதுவரை யோசித்ததில்லை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் சொன்னேன்.

"ஐயா, இஞ்சை ஒருக்கா வாங்கோ. நான் புதுசாக் கட்டித் தாறன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். நெட்டையான மனிதர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட், கையில் ஒரு துணிப்பை. டொக்டர் அவருடைய தட்டைக் கழற்றி எடுத்து என்னிடம் நீட்டினார். பத்தொன்பது வருடத்துக்கு முன் ஏதோ ஒரு துறைமுகத்தில், கப்பல் நின்ற இரண்டு நாளுக்குள் கட்டியது. பத்தொன்பது வருடத்தில் முரசு வற்றிச் சுருங்கிவிட்டது, தட்டு அப்படியே இருந்தது. நான் சொன்னது அச்சொட்டாகச் சரி.

"சீறலும் இதாலைதான் ஐயா," என்றேன், கொஞ்சம் பெருமையாக. "அண்ணம் மெத்த உயரமா வைச்சுக் கட்டியிருக்கினம்."

அவர் டொக்டரின் மேசையிலிருந்த தாளை எடுத்து, தட்டு இல்லாத வாயோடு நாலு வரி வாசித்தார். பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தார். டிக் கேட்டது. சீறல் இரண்டிலும் இல்லை.

"சீறுறது நான் இல்லைப் பிள்ளை. கடல். நான் பதியிற அறை யன்னல் கடலைப் பாத்தது."

டொக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் உடனே ஒப்புக்கொண்டேன். இரண்டில் ஒன்று பிழை. யன்னலைச் சாத்திவிட்டுப் பதியச் சொன்னேன். அது வேறு விசயம்.

மூன்றாவது தடவை அவர் வந்தது மெழுகுப் பல்லை வைத்துப் பார்க்க. அவரைக் கதிரையில் இருத்தி, தட்டை வாயில் வைத்து, வழக்கம்போல பஸ்ஸுக்குள் சீசா உடைந்த வசனத்தைச் சொல்லச் சொன்னேன். அவர் துணிப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார்.

"உந்தச் சீசாக் கதையை விட்டிட்டு இதை வாசிக்கட்டோ?"

பன்னிரண்டாவது அத்தியாயம். கையெழுத்தில் இருந்தது.

அவர் வாசித்தார். மெழுகுத் தட்டு பிடித்து நிற்காது, ஆகையால் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, கையால் மேலுதட்டைத் தாங்கிக்கொண்டு வாசித்தார். அந்தப் பெண் இருட்டில் கப்பலின் தோலோடு ஒட்டி நிற்கிறாள். குழாயை இழுத்தால் கிழியும், விட்டால் உள்ளே போக முடியாது. அவள் பயப்படவில்லை. தன்னிடம் எத்தனை மூச்சு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்த்து, மூச்சை மெதுவாக்கி, கையுறைக்குள்ளிருந்து விரல் ஒவ்வொன்றாகக் குழாயைத் தடவிக்கொண்டே போகிறாள். நான் வாயின் ஓசையைக் கேட்க நின்றவள். எந்தப் பல் எங்கே முட்டுகிறது என்று கவனிக்க மறந்துபோனேன். டொக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிடாமல் கதவைப் பிடித்தபடி நின்றார். குழாய் சிக்கிய இடத்தை அவளுடைய விரல் தொட்டதும் அவர் கொப்பியை மூடினார்.

"மிச்சம்?" என்று கேட்டது டொக்டர்தான்.

"பல்லு வந்தாப்பிறகு," என்றார் அவர்.

அந்தத் தட்டை நான் கட்டியது போல வேறொன்றையும் கட்டியதில்லை. முன்பற்களை அரைக்கால் மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன், பிறகு வெளியே எடுத்தேன், பிறகும் உள்ளே தள்ளினேன். வாசிக்கிற வாய்க்கு வேறு அளவு, சாப்பிடுகிற வாய்க்கு வேறு அளவு என்று டொக்டருடன் தர்க்கப்பட்டேன். அவர், "அக்கா, அந்தாள் சாப்பிடவும் வேணும்" என்றார்.

புதுப் பல் போட்டதும் பேச்சு உடனே திருந்திவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திருந்தாது. நாக்கு பழைய வீட்டுக்குப் பழகியிருக்கும். புதிய வீட்டில் சுவரோடு முட்டிக்கொண்டு திரியும். ஒரு மாதமாவது தினமும் உரத்து வாசித்துப் பழகுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வோம்; ஒருவரும் செய்யமாட்டார்கள். அவர் செய்தார். ஒவ்வொரு நாள் காலையும் பத்து நிமிடம் வாசித்து எனக்குக் குரல்பதிவாக அனுப்புவார். பத்திரிகைச் செய்தி, மருந்துப் பெட்டியில் இருக்கும் தாள், எது கிடைத்தாலும். நான் சைக்கிளில் கேட்டுவிட்டு, கிளினிக் வாசலில் நின்று மறுமொழி அனுப்புவேன். "ச இன்னும் தடிப்பு. ந நல்லம். அவசரப்படுறியள்." மாயக்கதை அந்த மாதம் முழுவதும் நின்றுபோயிற்று.

பன்னிரண்டாவது அத்தியாயம் ஒருவாறு வெளிவந்தது. அந்தப் பெண் உயிரோடு உள்ளே வந்தாள். யன்னல் சாத்தியிருந்தது. ஒரு டிக்கும் இல்லை. அதற்குக் கீழே, என்னை முன்பு ஏசிய அதே ஆட்கள் எழுதினார்கள்: பழைய குரல்தான் நல்லது. இது அன்னியமாக இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் கதை வெறிச்சென்று இருக்கிறது.

அவர் தொலைபேசியில், "பிள்ளை, பழசைத் திருப்பிப் போடட்டோ?" என்று கேட்டார்.

"போடாதையுங்கோ. அவை உங்களைக் கேக்கேல்லை ஐயா, பழகின சத்தத்தைக் கேட்டவை. மூண்டு அத்தியாயம் போகட்டும்."

புதுப் பல்லில் வந்த நான்காவது அத்தியாயத்தில் ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேட்பவர்களின் குறைகளில் பாதி, வாசிப்பவர் ஒரு மாதம் பொறுத்தால் தானாகப் போய்விடும். என் குறைகளும் அதில் அடக்கமா என்று டொக்டர் கேட்டார். அடக்கமில்லை என்றேன்.

இருபதாவது அத்தியாயத்தில் எனக்கும் அவருக்கும் உண்மையான சண்டை வந்தது. கப்பலின் இயந்திர அறையில் ஒரு கிழவர் இருக்கிறார். கப்பல் புறப்பட்டபோது குழந்தையாக ஏறியவர், போய்ச்சேரும் வரை இருக்கமாட்டார் என்று தெரிந்தவர். அந்தக் கிழவர் பேசும்போதெல்லாம் டிக், டிக் என்று கேட்டது. நான் பதறிப்போய் அழைத்தேன். தட்டு வெடித்துவிட்டதோ என்று பயம்.

"வெடிக்கேல்லை," என்றார். "கிழவன் கதைக்கிற இடத்திலை மட்டும் பழைய தட்டைக் கொழுவிறன். நல்லாயில்லையோ?"

"ஐயா, உது வேசம்!"

"கிழவனுக்குப் பல்லுத் தளந்துதானே இருக்கும்?"

"அப்ப அதை எழுதுங்கோ. 'அவருக்குப் பல்லுத் தளந்திருந்தது' எண்டு ஒரு வரி போதும். பேந்து நாங்கள் நினைச்சுக்கொள்ளுவம். நீங்கள் வாயாலை செய்து காட்டினால் எங்களுக்கு நினைக்க என்ன கிடக்கு?"

"எல்லாத்துக்கும் உம்மட்டை ஒரு சட்டம் இருக்கு."

"ஓம். இருக்கு."

அவர் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. கிழவருடைய பல் சத்தம் அருமை என்று வரிசையாக எழுதினார்கள். நான் எல்லோருக்கும் கீழே என் பெயரில் எழுதினேன்: இது மலிவான வித்தை, வாசிப்பவருக்கு இது தேவையில்லை. அந்த அத்தியாயங்களுக்கு மூன்று நட்சத்திரம்தான் போட்டேன். காலைக் குரல்பதிவுகள் இரண்டு கிழமை வரவில்லை. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த முறை நான் அவருடைய வாயைப் பற்றிப் பேசவில்லை, வாசிப்பைப் பற்றித்தான் பேசினேன். அதற்கு எனக்கு உரிமை இருந்தது.

முப்பத்தோராவது அத்தியாயத்தில் கிழவர் இறந்துபோகிறார். அதை நான் ஒரு வெள்ளிக்கிழமை வேலை மேசையில் கேட்டேன். இயந்திர அறையில் தனியாக, தனக்குப் பின் வருபவளுக்கு ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். டிக் எப்போது வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. கிழவர் வாசிப்பவருடைய சொந்தக் குரலில், புதிய பல்லில், தெளிவாகப் பேசினார். மூன்றாவது குழாயைப் பற்றிச் சொல்லும்போது வசனம் பாதியில் நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பெண் அவர் விட்ட இடத்திலிருந்து நான்காவது குழாயைச் சொல்லத் தொடங்கினாள்.

நான் அழைத்தேன். "பல்லை மாத்தேல்லை" என்றேன்.

"இல்லை," என்றார். "பழசைக் கொழுவிக்கொண்டு ரெண்டு தரம் வாசிச்சன். சாகிற ஆளைப் பகிடி பண்ணுறது மாதிரிக் கிடந்தது. விட்டிட்டன்." பிறகு உடனே, "உம்மடை சட்டத்துக்காக இல்லை. முந்தின அத்தியாயங்களிலை அது நல்லாத்தான் இருந்தது" என்றார்.

"நல்லாயில்லை ஐயா."

"சரி, விடும்."

மறுநாள் காலையில் குரல்பதிவு வந்திருந்தது. ஏதோ மின்விசிறியைப் பூட்டும் முறை பற்றிய தாள். ச அழகாக இருந்தது.

கதை நாற்பத்திரண்டு அத்தியாயத்தில் முடிந்தது. அப்போது கேட்பவர்கள் பல நூறாகியிருந்தார்கள். கப்பல் போய்ச் சேர்கிறது. மூன்றாம் தலைமுறை கதவைத் திறந்து இறங்குகிறது. நான் ஒரு முழு நாள் யோசித்துவிட்டு நான்கு நட்சத்திரம் போட்டேன். அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"பிள்ளை, ஏன் ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சனீர்?"

"முடிவு கெதியா வந்திட்டுது ஐயா. இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போயிட்டு, கடைசியிலை பதினெட்டு நிமிசத்திலை இறக்கி விட்டிட்டியள்."

"கப்பல் கரை சேருறது அப்பிடித்தான். மாசக்கணக்கிலை கடலிலை கிடப்பம். பேந்து கயிறு எறிவினம், இழுத்துக் கட்டுவினம், சின்ன நேரத்திலை எல்லாம் முடிஞ்சிடும். கப்டன் கையைக் குலுக்கிப்போட்டுப் போயிடுவார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு றோட்டிலை நிப்பம். எந்தப் பக்கம் நடக்கிறது எண்டு தெரியாது. எனக்கு ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான் இருந்தது."

நான் அதை யோசித்துப் பார்த்தேன். பெட்டியோடு றோட்டில் நிற்கும் மனிதர் எனக்குத் தெளிவாகத் தெரிந்தார். கதையில் அவர் இருக்கவில்லை.

"அப்ப அதை எழுதியிருக்கோணும் ஐயா. அந்த றோட்டிலை நிக்கிறதை."

மறுபக்கத்தில் யன்னல் திறந்திருந்தது போல, கடல் கேட்டது.

"ம். அதை நான் எழுதேல்லைத்தான்," என்றார்.

"நாலு நட்சத்திரம்தான்."

"மாத்த வேண்டாம். அது கிடக்கட்டும். பிள்ளை, இடப்பக்கம் பின்னாலை கொஞ்சம் உராயுது. ரெண்டு நாளாச் சாப்பிடேலாமல் கிடக்கு."

"வியாழக்கிழமை காலமை வாங்கோ. அராவி விடுறன்," என்றேன்.